உத்திரமேரூர் களத்தில் நின்ற என் சிலிப்பர்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ்ஸில் என் மகள் கோமதி ஏற்றிய சாமானைப் பார்த்ததும், முன் சீட்டில் இருந்த பெரியவர் எழுந்து நின்று தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆள் நீளம், கறுப்புத் துணி சுற்றி, தலையிலும் இடுப்பிலும் காலிலும் கட்டு.

"பாவம், யாரும்மா? எந்த ஊரு?" என்று கேட்டார்.

"பேப்பருங்க" என்றாள் கோமதி.

"பேப்பரா? பேப்பருக்கா இவ்ளோ மரியாத?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. பெரியவர் துண்டைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டு, கோபத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் அந்தக் கறுப்புப் பொட்டலம் சறுக்கிக்கொண்டு போய் அவர் காலையே இடித்தது. கோமதி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வங்கியில் கழுத்துப் பட்டையும் கருப்புக் காலணியுமாகக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்த பெண்.

அந்தப் பொட்டலத்துக்குள் இருந்தவை இரண்டே இரண்டு பெரிய காகிதங்கள். வெளிச்சம் பட்டால் கறுத்துக் கெட்டுப்போகிற காகிதம். கோமதி படம் எடுக்கிறவள், ஆனால் கேமரா கிடையாது. ஒரு அறையையோ லாரியின் கூண்டையோ கன்னங்கரேல் என்று இருட்டாக்கி, ஒரு பக்கத்தில் கடுகு நுழையும் அளவுக்கு ஓட்டை போடுவாள். வெளியே இருக்கிற மரம், வீடு, மாடு எல்லாம் அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்து எதிர்ச் சுவரில் தலைகீழாக நிற்கும். அந்தச் சுவரில் காகிதத்தை மாட்டிவிட்டால் பொழுதுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் விழும். ஒரு நாளைக்கு ஒரே படம். கல்யாண வீட்டில் இலை எடுப்பதற்குள் நூறு படம் எடுக்கிற காலத்தில் இதற்காக வங்கி வேலையை விட்டாள். அன்று முதல் அவள் அப்பா அவளிடம் பேசுவதில்லை. என் வழியாகத்தான் திட்டுவார்.

எங்கள் மலேசியாவில், ஜார்ஜ் டவுனில் ஒரு கண்காட்சி மண்டபத்தில் இவளிடம் ஒரு படம் கேட்டிருந்தார்கள். விமானத்தில் வார்ப்பட்டை கட்டியதும் சொன்னாள்: "இந்தப் படமும் சரியா வரலேன்னா நான் திரும்ப பேங்குக்கே போயிடுறேன் மா. கேட்டு வச்சிருக்கேன், எடுத்துக்குவாங்க." எனக்கு வயிற்றில் இளநீர் இறங்கியது போல் இருந்தது. பையில் மைலோ பொட்டலத்தோடு அந்த ஆசையையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வந்தேன்.

என்னை எதற்குக் கூட்டி வந்தாள் என்றால், பேசுவதற்கு. அவள் படித்தது மலாய்ப் பள்ளி. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. "ஊர்க்காரங்ககிட்ட நீங்கதான் பேசணும் மா" என்றாள். எங்கள் ஊர் சுங்கை பட்டாணி மார்க்கெட்டில் மீனைக்கூட விரலால் காட்டி வாங்குகிறவள் நான். ஊமையைத் துபாஷியாகக் கூட்டிக்கொண்டு போன கதைதான்.

எங்கள் கெடா மாநிலத்தில் இல்லாத நெல்லா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நம் ஊரில் இயந்திரம் அறுக்கிறது, லாரி வாயைப் பிளந்து நிற்கிறது, நெல் தரையைப் பார்ப்பதே இல்லை. இவளுக்குத் தரையில் கிடக்கும் நெல் வேண்டும். காலையில் மலையாக இருந்து சாயங்காலம் இல்லாமல் போகிற குவியல். அதன் கூட ஆள் ஒருவரும் இருக்கக் கூடாது. ஆளில்லாத களம், கரைகிற நெல். பொழுது போவதை அப்படித்தான் பிடிக்க வேண்டுமாம்.

உத்திரமேரூர் பக்கத்துத் திருப்புலிவனத்தில் முனுசாமி வீட்டில் தங்கினோம். படம் எடுக்கக் கோமதி வாடகைக்குப் பேசிய கூண்டு லாரி அவருடையது, ஓட்டுவதும் அவரே. நல்ல மனுஷன். சட்டை போட மாட்டார், அதனால் நான் அவரிடம் பேசும்போதெல்லாம் பக்கத்துச் சுவரைப் பார்த்துப் பேசினேன். அவர் மனைவி தனலட்சுமி வந்ததும் வராததுமாக, "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டாள். நாங்கள் 'பசியாறியாச்சா' என்போம். இரண்டும் ஒன்றுதான். ஆனால் என் கண் முன்னால் வந்தது ரொட்டி சானாயும் கோப்பியும். வந்தது ஒரு சொம்புக் கேழ்வரகுக் கூழும் கருவாடும். குறை சொல்லவில்லை. மூன்று தடவை வாங்கிக் குடித்தேன். கேட்க வெட்கப்பட்டு வெறும் சொம்பை லேசாகத் தரையில் தட்டினேன், அவள் புரிந்துகொண்டாள்.

இந்தப் பக்கத்தில் கிழவிகளை எல்லாம் ஆயா என்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் ஆயா என்றால் ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கிறவள். முதல் நாள் யாராவது "ஆயா" என்று கூப்பிட்டபோதெல்லாம் எங்கே பிள்ளை என்று பார்த்தேன்.

மறுநாள் விடியும்போதே கோமதி கூண்டுக்குள் போய் முதல் காகிதத்தை மாட்டினாள். ஓட்டையைப் பட்டையால் ஒட்டிவிட்டு, "யாரும் கதவைத் திறக்கக் கூடாது, உள்ளே வெளிச்சம் போகக் கூடாது" என்று முனுசாமியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது முனுசாமி கூண்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் புது விபூதி. கையில் தட்டு. தட்டில் எலுமிச்சம்பழம்.

"உள்ளயா போனீங்க?" என்றாள் கோமதி.

"வண்டி எடுக்கறதுக்கு மின்ன கற்பூரம் காட்டாம எடுத்ததே இல்ல பாப்பா. வழக்கமா டயருக்குக் காட்டுவேன். இன்னிக்கு வேல உள்ளதான நடக்கப்போவுது, உள்ளயே காட்டிட்டேன்."

"யாரும் போகக் கூடாதுன்னு சொன்னேனே."

"யாரும்னா மத்தவங்க. நான் வண்டிக்காரன் ஆச்சே." பிறகு அவருக்கே ஏதோ உறுத்தியது போல, "வெளிச்சம் உள்ள போவக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல, அதனால கதவ நல்லா சாத்திக்கினு அப்பறம்தான் கொளுத்தினேன்" என்றார்.

கோமதி லாரிப் படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்து மருந்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். தோசைக் கல்லின் அடி மாதிரி வந்தது. முனுசாமி எட்டிப் பார்த்து, "சாமி கீதா அதுல?" என்று கேட்டார். தனலட்சுமி அவர் முதுகில் ஒன்று வைத்தாள். திருஷ்டி கழிக்க அவர் வாங்கி வந்த பூசணிக்காயை அன்று குழம்பு வைத்தோம்.

மிச்சம் ஒரு காகிதம். அதுவும் போனால் வங்கி. நான் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் படியில் உட்கார்ந்திருந்த அந்த முதுகு கண்ணிலேயே நின்றது. பூசணிக்காய்க் குழம்பு நன்றாகத்தான் இருந்தது, எனக்கு இறங்கவில்லை.

அடுத்த நாள் களத்துக்குப் போனோம். போகும் வழியில் லாரியின் பின் சக்கரம் கால்வாய்ச் சேற்றில் இறங்கி, பெருநகர் என்ற ஊருக்குப் போகிற பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்றது. பஸ்ஸில் இருந்தவர்களே இறங்கித் தள்ளினார்கள். தள்ளும்போது திட்டினார்கள், தள்ளி முடித்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். "பேஜார்" என்றார் முனுசாமி. இரண்டுக்கும் அதுவே பதில்.

சிமெண்டுக் களம். நடுவில் நெல், வீட்டுக் கூரை உயரம். நெல்லின் சொந்தக்காரர் ஏகாம்பரம், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், வெள்ளைச் சட்டை போட்டு எண்ணெய் தடவித் தலை வாரி வந்திருந்தார். யார் கேட்டார்களோ, வெள்ளை நிறப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் குவியலுக்குப் பக்கத்தில் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டார். கோமதி அவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "இவர் சும்மா உட்கார மாட்டாரு, எழுந்துக்குவாரு, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுக் கூண்டுக்குள் போனாள். வானத்துப் பக்கம் அதிகம் கறுத்துவிடாமல் அட்டையால் மறைத்து மறைத்துப் பிடிக்க அவள் உள்ளேயே இருக்க வேண்டும். நடுவில் வெளியே வர மாட்டாள். ஓட்டையை மூடினால் பொழுது துண்டாகிப் போகுமாம். கைப்பேசியும் கூடாது, அதன் வெளிச்சம் ஆகாது. ஒரு ஏற்பாடு மட்டும் சொன்னாள்: "யாராவது ஒரே இடத்துல நின்னாங்கன்னா நான் சுவத்தைத் தட்டுவேன். நீங்க போய் அவங்களை நகரச் சொல்லணும் மா."

நெல்லைத் தூற்றி மூட்டை பிடிக்க ஊர்க்கோடித் தெருவிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி கன்னியம்மா. என் வயதில் பாதி இருக்கும், குரல் எனக்கு இரண்டு மடங்கு. அவர்கள் எல்லாரும் அன்றைக்கு நல்ல சேலை கட்டி வந்திருந்தார்கள்.

"இன்னா ஆயா, மலேசியாவுல இருந்து வந்து எங்கள போட்டோ புடிக்கறாங்களாமே?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். இந்தப் படத்தில் அசைகிறவர்கள் விழ மாட்டார்கள். பொழுதுக்கும் அசையாமல் இருப்பதுதான் விழும்.

கன்னியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அப்போ குனிஞ்சி நிமிந்து வேல செய்றவ வர மாட்டா."

"ஆமாம்."

"சேர்ல குந்திக்கினு கீறவரு வருவாரு."

"ஆமாம்" என்றேன். வேறு என்ன சொல்ல.

"நல்லா கீதுடி கத" என்றாள் மற்றவர்களைப் பார்த்து. "நெல்லு அள்றது நாம, படத்துல குந்தறது அவரு."

"நீ போய் அவர் மடில குந்திக்க, நீயும் வருவ" என்றாள் ஒரு இளம்பெண். கன்னியம்மா அவளைத் துரத்தினாள். துரத்திவிட்டுத் திரும்பி வரும்போது ஒரு யோசனையோடு வந்தாள். ஒருத்தியே நாள் முழுக்க நிற்க முடியாது, வேலை கெடும். ஆனால் ஒருத்தி மாற்றி ஒருத்தி ஒரே இடத்தில் நிற்கலாம். ஒரே முறம், ஒரே துண்டு, ஒரே மாதிரி கை.

"ஆயா, அந்தச் செருப்ப கயட்டு."

என் சிலிப்பரைச் சொன்னாள். ஜப்பான் சிலிப்பர் என்போம், வெள்ளை அடி, நீல வார், ரப்பர். கழற்றிக் கொடுத்தேன். குவியலுக்கு முன்னால், லாரிக்குக் கிட்டத்தில், ஓட்டையைப் பார்க்கிற மாதிரி வைத்தாள். "இதுல கால வெச்சிதான் நிக்கணும். ஒருத்தி எறங்குன ஒடனே ஒருத்தி ஏறணும். செருப்பு நவரக் கூடாது."

முதலில் அவளே ஏறினாள். முறத்தை இடுப்பில் வைத்துக் கல் மாதிரி நின்றாள். பிறகு இளம்பெண். பிறகு இன்னொருத்தி, அவள் மட்டும் தும்மினாள், மற்றவர்கள் திட்டினார்கள். வேலை நிற்கவே இல்லை. நெல் குறைந்துகொண்டே போனது. ஏகாம்பரத்துக்கு ஓயாமல் போன் வந்தது. களத்தில் சிக்னல் கிடையாது, ஏரிக் கரைக்குப் போனால்தான். உட்காருவார், எழுவார், ஓடுவார்.

கூண்டிலிருந்து டொக் டொக் என்று கேட்டது.

நான் மரத்தடியில் இருந்தேன். கேட்காதது போல் இருந்தேன். அது ஒன்றும் எனக்குச் சிரமமான வேலை இல்லை. இப்படியே விட்டுவிட்டால் படம் கெடும், பெண் வங்கிக்குப் போவாள், அவள் அப்பா மறுபடி அவளோடு பேசுவார். நான் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது, அதில் எனக்கு எழுபது வருஷப் பழக்கம்.

மறுபடி டொக் டொக். இந்தத் தடவை பலமாக.

"பாப்பா கூப்டுது, போய் இன்னான்னு கேளும்மா" என்றார் முனுசாமி.

"நீங்க போய்ச் சொல்லுங்களேன்" என்றேன் மரத்தைப் பார்த்து.

"நான் இந்த ஆட்டத்துக்கே வரல. ஒரு தபா கற்பூரம் கொளுத்தினது போதும்."

மூன்றாவது தடவை தட்டியபோது அது தட்டல் மாதிரி இல்லை. உள்ளே நெருப்பாகக் கொதிக்கும், தனியாக நிற்கிறாள், இருட்டில். படியில் பார்த்த முதுகு ஞாபகம் வந்தது. எழுந்தேன். 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்ற மூன்று வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வெறுங்காலோடு களத்தில் இறங்கினேன். சித்திரை வெயிலில் சிமெண்டு. முதல் வார்த்தை பாதி வழியில் மறந்தது. கிட்டே போவதற்குள் மற்ற இரண்டும் போயின. ஒரு காலைத் தூக்கினால் மறு கால் வெந்தது.

அப்போது சிலிப்பரில் நின்றது கன்னியம்மா. உதட்டை அசைக்காமல் பேசினாள். "நல்ல நேரத்துல வந்த ஆயா. டிராக்டர் வந்துட்டுது, மூட்ட தூக்க எல்லாரும் போவணும். இந்தா." முறம் என் இடுப்புக்கு வந்துவிட்டது. துண்டு தலைக்கு வந்துவிட்டது. "நவந்தின்னா படத்துலருந்து எல்லாரும் பூடுவோம்" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள்.

எதிரே சிலிப்பர் இருந்தது. கலைக்காகவும் இல்லை, கன்னியம்மாவுக்காகவும் இல்லை, உள்ளங்கால் வெந்ததால்தான் ஏறினேன். எல்லார் கால் சூடும் அதில் இருந்தது, ஆனால் சிமெண்டுக்கு அது குளிர்ச்சி.

என் கல்யாணப் படத்தில்கூட நான் மாலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அந்தக் கடுகு ஓட்டைக்கு நேராக நின்றேன். டொக் டொக் கேட்டது. பிறகு பாதித் தட்டலில் நின்றுவிட்டது. உள்ளே சுவரில் நான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருப்பேன், தலையில் அடுத்தவள் துண்டு, இடுப்பில் முறம். எப்படித் தொங்கினாலும் பெற்றவளைத் தெரியாமலா போகும். அதற்குப் பிறகு தட்டவே இல்லை. மூட்டை எல்லாம் ஏற்றி முடிக்கிற வரைக்கும் நின்றேன். மூக்கில் ஈ உட்கார்ந்தது, விட்டுவிட்டேன்.

பொழுது சாய்ந்ததும் கோமதி வெளியே வந்தாள். வேகவைத்த கிழங்கு மாதிரி இருந்தாள். ஒரு குடம் தண்ணீரையும் குடித்துவிட்டு முதலில் புதர்ப் பக்கம் ஓடினாள். திரும்பி வந்து, "ஏன் மா?" என்றாள்.

"சிலிப்பர் அங்க இருந்துச்சு" என்றேன்.

அவள் கூண்டுக்குள் சிவப்பு விளக்கு போட்டு மருந்தில் காகிதத்தைக் கழுவினாள். நானும் தனலட்சுமியும் முனையைப் பிடித்துக்கொண்டோம். பிறகு பம்புசெட் குழாய்த் தண்ணீரில் அலசி, வீட்டுப் பின்னால் கொடியில் சேலை மாதிரி காயப்போட்டு, அதைப் பார்க்காமலே போய்ப் படுத்துவிட்டாள்.

காலையில் கன்னியம்மா கூட்டத்தோடு வந்து கொடியைச் சுற்றி நின்றாள். இந்தக் காகிதத்தில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் விழும். வானம் கறுப்பு. நெல் மூன்று விதமாக இருந்தது, காலை மலை, மத்தியான மேடு, சாயங்காலத் தரை, ஒன்றுக்குள் ஒன்று புகைபோல. அதற்கு முன்னால் ஒரு பெண். முறம் தெரிகிறது, இடுப்பு தெரிகிறது, முகம் மட்டும் தண்ணீருக்குள் இருக்கிற முகம். காலடியில், குழந்தைச் செருப்பு அளவுக்கு, வார் முதற்கொண்டு கூர்மையாக என் சிலிப்பர்.

"இன்னாடி, எல்லாரும் சேந்து வெள்ளக்காரியா பூட்டோம்."

"மூக்கு என்னுது."

"ஒன்னுது எங்க இவ்ளோ நீட்டு? இடுப்பும் ஒன்னுது இல்ல, பொய் சொல்லாத."

"இந்த முதுகு கூனிக்கினு கீறது ஆயாவுது" என்றாள் இளம்பெண். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தனலட்சுமி பின்னால் நின்றேன்.

ஏகாம்பரம் வந்தார், அதே வெள்ளைச் சட்டை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தார். மறுபடி பார்த்தார். "நான் எங்க?" என்றார்.

கன்னியம்மாதான் குனிந்து, கன்னங்கரேல் என்று கால் நான்கும் தெளிவாக விழுந்திருந்த நாற்காலியைக் காட்டினாள். "சேர் வந்துகீது பாருங்க மொதலாளி. ரொம்ப நல்லா வந்துகீது."

திண்ணைத் தூண் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோமதி. கற்பூரம் கொளுத்திய நாளிலிருந்து அவள் சிரித்து நான் கேட்கவில்லை. வந்து படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றாள். "ஆளே இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன் மா" என்றாள். பிறகு கன்னியம்மாவிடம் போய், எந்த நேரத்தில் யார் நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். அவள் தமிழ் அவர்களுக்குப் புரிந்தது, அவர்கள் தமிழ் அவளுக்குப் புரிந்தது. என்னைத் துபாஷியாக யாரும் கூப்பிடவில்லை.

ஜார்ஜ் டவுன் மண்டபத்தில் படத்தை எடுத்துக்கொண்டார்கள். நுழைந்ததும் தெரிகிற சுவரில் மாட்டியிருந்தார்கள். வங்கியில் அந்த இடத்துக்கு வேறு பெண்ணைச் சேர்த்துவிட்டார்களாம், என் ஆசை அதோடு முடிந்தது. திறப்பு விழாவுக்கு அவள் அப்பாவும் வந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, "உன் மககிட்ட வெளிச்சம் பத்தலன்னு சொல்லு" என்றார் என்னிடம். அவ்வளவு தூரம் இறங்கி வந்ததே பெரிது.

கோமதி எனக்குப் புதுக் காலணி வாங்கிக் கொடுத்திருந்தாள். அது கடித்தது. அதனால் சேலை மறைக்கும் என்று சிலிப்பரையே போட்டுக்கொண்டு ஒரு மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சீன அம்மா படத்துக்குக் கிட்டே போய் அந்தச் சிலிப்பரையே பார்த்தார். அது யாருடையது என்று மலாயில் கேட்டார். என் மகள் மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து, எல்லாரும் பார்க்க, என் பக்கம் கையை நீட்டினாள். அத்தனை தலையும் திரும்பியது. அத்தனை கையும் கைப்பேசியைத் தூக்கியது.

அசைகிறவர்கள் படத்தில் விழ மாட்டார்கள் என்று நான் களத்தில் கற்றவள். எழுந்து வேகமாக நடந்தேன். பிறகு ஓடினேன்.

கைப்பேசியில் அந்தக் கணக்கெல்லாம் இல்லை போலிருக்கிறது. கோமதி காட்டினாள், நான் ஓடுவது சுத்தமாக விழுந்திருக்கிறது. ஒரு சிலிப்பர் மட்டும் நாற்காலியடியில் நிற்கிறது.